மின்சார வண்டி ரோட்டைக் கெடுக்குதா? எடையும் வரியும், எங்கள் கணக்கில்

கல்யாண வீட்டுப் பந்தியானாலும் சரி, காம்பாக்டிங் கம்பெனி வாசலில் துணிக்குக் காத்திருக்கும் நேரமானாலும் சரி, எங்கள் பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் வருகிற பேச்சு இரண்டுதான். ஒன்று, "பேட்டரி வண்டி எடை சாஸ்திங்க, ரோடு தாங்காது." இன்னொன்று, "நீங்க ரோட்டு வரி ஒரு ரூவா கட்டறதில்ல, எங்க பெட்ரோல் காசுலதானுங்க ரோடு போடறாங்க." இரண்டிலும் உண்மை இருக்கிறது, எவ்வளவு உண்மை என்பதுதான் கேள்வி. திருப்பூர் பக்கம் நானும் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் நடத்துகிறோம். வீட்டுக்கு ஒரு மின்சாரக் கார், துணி ரோல் ஏற்ற டீசல் குட்டியானை ஒன்று, மின்சாரக் குட்டியானை ஒன்று. மூன்றுக்கும் கணக்கு எழுதுவது நான்தான், அதனால் எடை, வரி இரண்டையும் வருடக்கணக்கில் நோட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் வரி. தமிழ்நாட்டில் காருக்கு வாழ்நாள் வரி போடுவது விலையைப் பார்த்துத்தான், எடையைப் பார்த்து இல்லை. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அதாவது 11 லட்சம் விலையுள்ள பெட்ரோல் காருக்கு 1,98,000 ரூபாய் வரி. அதே ரக மின்சாரக் கார் 15 லட்சம் என்று வையுங்கள், வரிவிலக்கு இல்லாவிட்டால் 2,70,000 கட்ட வேண்டும். 2023-ல் வந்த மாநில மின்சார வாகனக் கொள்கையில் 2025 டிசம்பர் 31 வரை நூறு சதவீத விலக்கு கொடுத்திருந்தார்கள், நாங்கள் அதில்தான் பதிவு செய்தோம். இப்போது வாங்குகிறவர்கள் ஷோரூமில் சொல்வதை மட்டும் நம்பாமல், பதிவு செய்யும் நாளில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் வித்தியாசம் வருகிற இடம் இது.

அது போக மத்திய அரசின் சலுகைகள் தனி. 2019 ஆகஸ்டிலிருந்து மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2021-லிருந்து ஆர்சி கட்டணம் கிடையாது. மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதம் குறைவு. ஆனால் 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 ஆகக் குறைத்துவிட்டார்கள், அதனால் விலை வித்தியாசம் முன்பு இருந்த அளவுக்கு இல்லை. வரி என்பது இப்படி வருடத்துக்கு வருடம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதை நம்பி மட்டும் பத்து வருடத்துக்கு வண்டி வாங்கக் கூடாது. ஏன் என்று கடைசியில் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

இப்போது பெட்ரோல்காரர்கள் சொல்லும் குறைக்கு வருவோம். பெட்ரோல் பங்கில் நாம் கொடுக்கிற காசில் பெரிய பங்கு வரி. 2025 ஏப்ரல் நிலவரப்படி மத்திய கலால் வரி லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு, தமிழ்நாட்டு வாட் 13 சதவீதமும் அதற்கு மேல் 11 ரூபாய் 52 காசும். கூட்டிப் பார்த்தால் லிட்டருக்கு 40 ரூபாய்க்குக் குறையாது. என் தம்பி பெட்ரோல் கார் வைத்திருக்கிறான், டவுனும் ஹைவேயும் கலந்து லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைக்கிறது. வருடம் 12,000 கிலோமீட்டர் என்றால் 800 லிட்டர், வரி மட்டும் 32,000 ரூபாய். இதை நான் கட்டுவதில்லை, அவன் கட்டுகிறான். அவனுக்கு வருத்தம் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த 32,000-மும் ரோட்டுக்குப் போவதில்லை. கலால் வரிக்குள் சாலை, உள்கட்டமைப்பு செஸ் (குறிப்பிட்ட செலவுக்கென்றே வாங்குகிற கூடுதல் வரி) என்று தனியாக ஒன்று இருக்கிறது. பெட்ரோலுக்கு அது 2020 மே மாதம் லிட்டருக்கு 18 ரூபாய் வரை போனது, 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்து 5 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். 800 லிட்டருக்கு அது 4,000 ரூபாய். மீதி எல்லாம் பொதுக் கஜானாவுக்குப் போகிறது, அதில் ரோடும் உண்டு, பள்ளிக்கூடமும் உண்டு. ஆக ரோட்டுக்கென்றே பெயர் சொல்லி வாங்குகிற பணத்தில் மின்சாரக் கார் வைத்திருக்கிறவர் கொடுக்காமல் விடுவது வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 ரூபாய். டோல்கேட்டில் எங்களுக்குச் சலுகை எதுவும் கிடையாது, கணியூரிலும் விஜயமங்கலத்திலும் பெட்ரோல் காருக்கு ஃபாஸ்டேக்கில் எடுக்கிற அதே தொகைதான் எங்களுக்கும்.

சரி, எடைக்கு வருவோம். இதைப் பேச்சோடு விட எனக்கு மனசில்லை. தம்பியின் காரும் எங்கள் காரும் ஒரே மாடல், ஒரே பாடி, அவனுடையது பெட்ரோல், எங்களுடையது பேட்டரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பல்லடம் ரோட்டில் லாரிகளுக்கு எடை போடுகிற மேடைக்கு ஓட்டிப்போனோம். பருத்தி லோடு லாரி ஒன்று இறங்குகிறவரை காத்திருந்தோம். மேடையில் இருந்த அண்ணன் கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க, காரை எதுக்குங்க எடை போடறீங்க, விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது, "ஆள் எறங்கிக்கங்க, டிக்கில இருக்கறதையும் எடுத்துருங்க" என்று சொல்லி, சிவப்பு எண்கள் ஆடி நிற்கும்வரை பொறுத்துச் சீட்டு அடித்துக் கொடுத்தார். தம்பி கார் 1,230 கிலோ. எங்களுடையது 1,410. வித்தியாசம் 180 கிலோ, கிட்டத்தட்ட மூன்றரை சிமெண்ட் மூட்டையை எப்போதும் டிக்கியில் போட்டுக்கொண்டு ஓட்டுகிற மாதிரி. பெட்ரோல் கார் டேங்க் காலியாகக் காலியாக முப்பது கிலோ வரை இளைக்கும், பேட்டரி நிறைந்தாலும் தீர்ந்தாலும் ஒரே எடைதான். இந்த 180-ம் பேட்டரியின் முழு எடை இல்லை, இன்ஜின், கியர்பாக்ஸ், சைலன்சர், டேங்க் எல்லாம் போன பிறகு மிஞ்சுகிற வித்தியாசம்.

இந்த எடை ரோட்டை என்ன செய்யும்? சாலைப் பொறியாளர்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊர்ப் பக்கம் 1958 முதல் 1960 வரை தனியாக ரோடு போட்டு, ராணுவ டிரைவர்களை வைத்து லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சோதித்தார்கள். அதிலிருந்து வந்தது: ரோட்டுக்கு ஏற்படும் சேதம், ஒரு அச்சில் (இடது, வலது சக்கரங்களைத் தாங்கும் குறுக்குத் தண்டு) இறங்கும் எடையின் நான்காம் மடிக்கு, அதாவது எடையை நான்கு முறை போட்டுப் பெருக்கின அளவுக்கு, ஏறக்குறைய ஏறும். எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு இல்லை, 16 மடங்கு.

இதைத் தம்பி காருக்கும் எங்கள் காருக்கும் போட்டால் எங்களுடையது 1.7 மடங்கு சேதம் செய்கிறது. கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே விதியை அதோடு நிறுத்தாமல் நம் ரோட்டில் ஓடுகிற மற்ற வண்டிக்கும் போட வேண்டுமல்லவா? எங்கள் காரின் ஒரு அச்சில் இறங்குவது சுமார் 700 கிலோ. லோடு லாரியின் பின் அச்சில் 10 டன் என்று வையுங்கள். பதினான்கு மடங்கு எடை, சேதத்தில் 41,000 மடங்குக்கு மேல். லாரி அச்சு ஒரு முறை உருண்டு போவதும் எங்கள் கார் அச்சு நாற்பதாயிரம் முறைக்கு மேல் உருள்வதும் ரோட்டுக்கு ஒன்றுதான். அந்த 10 டன் அச்சில் இன்னும் 3 டன் அதிகம் ஏற்றினால் சேதம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. 2018-ல் இரண்டு அச்சு லாரிக்கு அனுமதித்த மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தினார்கள், சட்டப்படி ஏற்றுகிறவருக்கே அவ்வளவு. காரணம்பேட்டை பக்கம் கிரஷரிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி வரும் டிப்பர்கள் போகிற ரோட்டைப் பாருங்கள், அதே வருடம் அதே மாதிரி தார் போட்ட, கார் மட்டும் போகிற ஊர் ரோட்டைப் பாருங்கள். டிப்பர் போகிற ரோட்டில்தான் சக்கரம் போகும் தடம் இரண்டும் பள்ளமாகி, நடுவில் மேடு எழும்பி நிற்கும். எந்தக் காரும், பேட்டரியோ பெட்ரோலோ, அந்தத் தடத்தைப் போடவில்லை. லாரிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, எங்கள் நூலும் லாரியில்தான் வருகிறது. ஆனால் ரோட்டுச் சேதத்தைப் பற்றிப் பேசும்போது காரை நிறுத்திக் கேள்வி கேட்டுவிட்டு ஓவர்லோடு லாரியைப் போக விடுவது சரியில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

எடை உண்மையிலேயே கடிக்கிற இடம் ரோடு இல்லை, சரக்கு வண்டி. இதைத்தான் தொழில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும், ஷோரூமில் யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்ல மாட்டார்கள். சரக்கு வண்டிக்கு வரி காரைப் போல விலையில் இல்லை, சரக்கோடு சேர்ந்த மொத்த எடையில். அந்த மொத்த எடை ஆர்சியில் எழுதியிருக்கும், அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய அளவு. பேட்டரியால் வண்டியின் சொந்த எடை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவும் இந்தக் கணக்கில் சரக்கைத் தின்றுவிடும். குட்டியானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸின் மின்சார வண்டி 2022-ல் முதலில் வந்தபோது 600 கிலோ ஏற்றலாம் என்றார்கள், டீசல் ஏஸ் 750 கிலோ. 2024-ல் ஒரு டன் ஏற்றும் மின்சார ஏஸும் வந்தது.

எங்களிடம் இருப்பது 600 கிலோ ரகம். துணி ரோல் ஒன்று சராசரியாக 22 கிலோ. டிரைவரும் லோடு ஏற்றும் தம்பியும் ஏறினால் அவர்கள் எடையும் இந்த 600-க்குள்தான், இருவருக்கும் 140 கிலோ போனால் மிச்சம் 460, அதாவது 20 ரோல், இழுத்துப் பிடித்தால் 21-க்குக் கொஞ்சம் குறைவு. டீசல் வண்டியில் அதே ஆட்களோடு 27 ரோல். மழைக்காலத்தில் பருத்தித் துணி ஈரம் குடித்து எடை கூடும், அப்போது இன்னும் ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும். முன்பு டையிங்குக்கு ஒரே நடையில் போன லாட்டு இப்போது சில நாள் இரண்டு நடை போகிறது. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் என்பதால் நடை கூடினாலும் மின்சாரச் செலவு தாங்குகிறது, ஆனால் டிரைவர் சம்பளமும் நேரமும் கூடுகிறது, அதைக் கணக்கில் எழுத வேண்டும். ஈரோட்டுக்கோ கரூருக்கோ போகிற லோடென்றால் டீசல் வண்டியைத்தான் எடுக்கிறோம்.

"நாலு ரோல் கூடப் போட்டா என்னங்கக்கா, வண்டி இழுக்குது" என்று லோடு ஏற்றுகிறவர் சொல்வார். இழுக்கும், மின்சார மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுக்கும், அதனால் ஓவர்லோடு என்பதே டிரைவருக்குத் தெரியாது. டீசல் வண்டியென்றால் முக்கி முனகிக் காட்டிக்கொடுத்துவிடும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000, கூடுதல் சரக்கை இறக்கினால்தான் வண்டி நகரும். நான்கு ரோலுக்காக அந்த ஆபத்து வேண்டாம் என்று வண்டிக் கதவின் உள்பக்கமே ரோல் கணக்கைப் பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறோம். ஒரு நல்ல விஷயம், பேட்டரியில் ஓடும் வாடகை, சரக்கு வண்டிகளுக்கு 2018 அக்டோபரிலிருந்து பர்மிட் தேவையில்லை.

காருக்கு எடையால் வருகிற செலவு டயரில் தெரியும். எடையும் கூடுதல், மிதித்ததும் பாய்கிற இழுவையும் கூடுதல், தம்பி கார் டயரைவிட எங்கள் டயர் சீக்கிரம் தேய்கிறது. அதே மாடலின் பெட்ரோல் காருக்குப் போடுகிற டயரைக் கடைக்காரர் எடுத்து வைத்தால், எடை தாங்கும் எண்ணை டயரின் பக்கவாட்டில் பார்த்து, வண்டிப் புத்தகத்தில் சொன்னதோடு ஒத்துப் போகிறதா என்று சரிபாருங்கள். காற்று அளவும் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டுப்படிதான், "எல்லா காருக்கும் முப்பத்திரண்டுங்க" என்று பங்கில் பிடிக்கிறதை அப்படியே விட வேண்டாம். பிரேக் கட்டை மட்டும் நீண்ட நாள் வருகிறது, மோட்டாரே வேகத்தைக் குறைத்துக் கொடுப்பதால்.

மலை ஏறினால் இந்த எடை பேட்டரியைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, நாங்களும் முதலில் யோசித்தோம். கணக்கு இதுதான்: ஆட்களோடு 1,700 கிலோ வண்டியை 1,000 மீட்டர் உயரம் தூக்க 4.6 யூனிட் மின்சாரம் தேவை, வழக்கமாக ஓடுவதற்கு ஆகிற செலவு இதற்கு மேல். அதில் கூடுதல் 180 கிலோவுக்கு மட்டும் அரை யூனிட் ஆகும். இறங்கும்போது ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பி வந்துவிடும், அதனால் மலைமேல் முழுசாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள், நிறைந்த பேட்டரிக்குள் திரும்பி வரும் மின்சாரம் போக இடமிருக்காது, பிரேக்கைத்தான் நம்ப வேண்டிவரும். எடையைவிட எங்கள் ஊர்ப் பக்கம் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, குறைப்பது காற்று. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, தாராபுரம், பல்லடம் முழுக்க அடிக்கும், காற்றாலைகள் அங்கே நிற்பதே அதனால்தான். அந்த மாதங்களில் மேற்கே பொள்ளாச்சி நோக்கிப் போகும்போது பேட்டரி குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், திரும்பி வருகையில் அதே காற்று தள்ளிவிடும்.

வீட்டு மின் கட்டணத்தையும் சொல்லிவிட வேண்டும், இது பலருக்குப் பிறகுதான் தெரிகிறது. வருடம் 12,000 கிலோமீட்டர், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 285 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே 300 யூனிட் ஆகிறதென்றால் 500-ஐத் தாண்டிவிடும், தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் ஆவதோடு கீழே இருந்த மலிவு விலையும் கொஞ்சம் போய்விடும். மாடியில் இடமிருந்தால் சோலார் போடுங்கள், 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது.

டெக்ஸாசில் இருக்கும் சித்தி மகன் போனில் பேசும்போது, "அக்கா, உங்களுக்காவது விலக்கு, இங்க மின்சாரக் காருன்னு தனியாக் கட்டறோம்" என்றான். அங்கே 2023 செப்டம்பரிலிருந்து புது மின்சாரக் காருக்கு 400 டாலர், அப்புறம் வருடாவருடம் 200 டாலர். பெட்ரோல் வரிக்கு ஈடாக என்று சொல்கிறார்கள். அங்கே பெட்ரோலுக்கு மாநில வரி காலனுக்கு 20 சென்ட், மத்திய வரி 18.4 சென்ட், இரண்டுமே முப்பது வருடத்துக்கு மேல் மாறவில்லை. வருடம் 12,000 மைல், காலனுக்கு 30 மைல் ஓடுகிற பெட்ரோல் கார் இரண்டு வரியும் சேர்த்துக் கட்டுவது 154 டாலருக்குள்தான். ஆக 200 டாலர் என்பது ஈடு இல்லை, அதற்கு மேல். குறைவாக ஓட்டுகிறவருக்கு அது இன்னும் அநியாயம். நியூசிலாந்தில் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது: 2024 ஏப்ரலிலிருந்து மின்சாரக் காருக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர், சின்ன டீசல் காருக்கும் அதே, கனரக வண்டிக்கு எடையையும் அச்சையும் பார்த்து ஏறும். எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், அதற்கேற்ற காசு. இங்கேயும் ஒருநாள் விலக்கு போய் ஏதோ ஒரு வரி வரும், இந்த முறையில் வந்தால் நான் முதல் ஆளாகக் கட்டுவேன்.

அதனால்தான் வாங்கும்போது விலக்கு இருக்கும் கணக்கு, இல்லாத கணக்கு இரண்டையும் போடச் சொல்கிறேன். 11 லட்சம் பெட்ரோல் கார் வரியோடு 12.98 லட்சம். 15 லட்சம் மின்சாரக் கார் விலக்கோடு 15 லட்சம், வித்தியாசம் 2.02 லட்சம். பெட்ரோல் 100 ரூபாய், மின்சாரம் 8 ரூபாய் என்று வைத்தால் வருடம் 12,000 கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 66,000, மூன்று வருடத்தில் வித்தியாசம் தீர்ந்துவிடும். விலக்கு இல்லாவிட்டால் வித்தியாசம் 4.72 லட்சம், ஏழு வருடம் ஆகும். இரண்டாவது கணக்கிலும் உங்களுக்குக் கட்டுப்படியானால் தைரியமாக வாங்கலாம், எங்களுக்குக் கட்டுப்படியானது.

மாமனாருக்கும் ஆசை வந்தது. அவர் தோட்டத்துக்கும் அவிநாசிக்கும் மட்டும் போய் வருகிறவர், வருடம் 4,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அவருக்கு வருடத்துக்கு 22,000-தான் மிச்சமாகும், விலக்கு இருந்தாலே ஒன்பது வருடம், இல்லாவிட்டால் இருபத்தோரு வருடம். நோட்டைக் காட்டி, "இப்பத்திக்கு இருக்கற பெட்ரோல் காரே போதுங்க மாமா" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கை மறுபடி ஒருமுறை அவரே கூட்டிப் பார்த்துவிட்டு, சரியென்று சொல்லிவிட்டார்.